ஃபார்முலாவில் வராத மூவாயிரத்து நூறு

கொடைக்கானல்
12-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராணி எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி தவிர வேறு தொந்தரவு இல்லை. என் வீட்டுக்காரர் அருள்தாஸ் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டப் போய்வருகிறார். நீ சுகமாக இருப்பாய். மதில் சுவருக்குள் சுகத்துக்கு என்ன குறை.

போன் இல்லாத, வாசல் தாண்டாத மடத்தில் இருக்கிற ஒருத்தியிடம் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்டு எழுதும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நீ பதினோரு வருடம் திண்டுக்கல்லில் பேங்கில் கடன் பிரிவில் இருந்தவள். அதை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று சண்டை போட இந்தத் தாளில் இடமில்லை. வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் மலையரசி மகளிர் சேமிப்புச் சங்கத்தில் போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கவுஞ்சி, வடகவுஞ்சி பெண்கள் வாங்கியிருக்கும் கடன்களை எக்செல்லில் ஏற்றி, ஆளுக்கு ஒரு தவணை அட்டை அச்சடிக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவரும், செயலாளரம்மாவின் அண்ணன் மகனும் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தார்கள். மிச்சம் என் தலையில்.

கடன் அறுபதாயிரம், வட்டி பன்னிரண்டு, இருபத்துநாலு மாதம். பல பேருக்கு இதே அளவு கடன்தான். ஆனால் ஒரு வரிசையில் மாதத் தவணை 7,708 என்கிறது. அடுத்ததில் 2,796. இன்னொன்றில் 3,100. ஒன்றில் தொகையே இல்லை, பிழை என்று ஏதோ குறி மட்டும் வருகிறது. போதாததற்குச் சில தொகைகள் கழித்தல் குறியோடு சிவப்பாக நிற்கின்றன.

செயலாளரம்மா சிவபாக்கியம் எல்லார் முன்னாலும், "காலேஜ் படிச்சேன்னு சொன்ன, ஒரு கூட்டல் வரலயா உனக்கு?" என்று கேட்டார். கூட்டல் எனக்கு வரும். இது கூட்டல் இல்லை. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்காமல் ஒரு அட்டைகூட அச்சடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முடிந்தால் பதில் எழுது. முடியாவிட்டாலும் எழுது.

உன் தங்கை,
மகாராணி


மணப்பாறை வழி, மடம்
25-8-2024

என் அன்பு ராணிக்கு,

ஆண்டவர் உன்னையும் வீட்டாரையும் காப்பாராக. அப்பாவின் முட்டிக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே நாங்கள் பதினான்கு பேரும் நலம்.

எங்கள் கடிதங்களை மதர் படித்துப் பார்த்துத்தான் தருவார், உனக்குத் தெரியும். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "7,708 ரொம்ப அதிகமாகத் தெரிகிறதே" என்றார்.

கம்ப்யூட்டர் இல்லாமல் தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் பொழுதுபோக்கு நேரம் அதற்கே போனது. பிஎம்டி என்ற அந்த ஃபார்முலாவுக்கு முதலில் வட்டி, பிறகு எத்தனை தவணை, பிறகு கடன் தொகை என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். தவணை மாதத்துக்கு என்றால் வட்டியும் மாதத்துக்கு இருக்க வேண்டும். 7,708 வந்த வரிசையில் வருட வட்டி பன்னிரண்டையும் அப்படியே மாதத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அதைப் பன்னிரண்டால் வகு. 2,796 வந்த வரிசையில் ஃபார்முலாவின் கடைசியில் ஒரு 1 இருக்கும், பார். மாதத் தொடக்கத்திலேயே தவணை கட்டுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். உங்கள் சங்கத்தில் மாதக் கடைசியில்தான் கட்டுகிறார்கள் என்றால் அதை எடுத்துவிடு. பிழைக் குறி வந்த இடத்தில் யாரோ "12 சதம்" என்று எழுத்தும் சேர்த்து அடித்திருப்பார்கள். இயந்திரம் அதை எண்ணாக எடுக்காது. சிவப்பும் கழித்தலும் தப்பில்லை. பணம் கையை விட்டுப் போகிறது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். கடன் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் போட்டால் நேராகிவிடும்.

இதையெல்லாம் திருத்தினால் 2,824 வர வேண்டும்.

3,100 மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கடனுக்கு அந்த ஃபார்முலாவை எப்படிப் புரட்டினாலும் 3,100 வராது. அந்தக் கட்டத்தை அழுத்தினால் மேலே இருக்கும் நீளமான பெட்டியில் என்ன தெரிகிறது என்று பார்த்து அப்படியே எழுது.

உனக்காக வேண்டிக்கொள்ளும் அக்கா,
அமலி


கொடைக்கானல்
14-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அப்பா ஒத்தடம் வேண்டாம் என்கிறார், கேட்டால்தானே. மதருக்கு என் வணக்கம்.

நீ சொன்ன மூன்றும் நீ சொன்ன இடத்திலேயே இருந்தன. திருத்தியதும் எல்லாம் 2,824 என்று ஒரே மாதிரி வந்துவிட்டன. அன்றைக்கு நான் டீக்கடையில் இரண்டு பஜ்ஜி வாங்கித் தின்றேன்.

பிறகு 3,100 கட்டத்தை அழுத்தினேன். மேலே பெட்டியில் ஃபார்முலாவே இல்லை. வெறும் 3,100. யாரோ கையால் அடித்த எண். கீழே இறங்கிப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட வரிசைகளில் அப்படித்தான். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வெறும் எண். பீரோவைத் திறந்து உறுப்பினர் புத்தகங்களை எடுத்தேன். எல்லாவற்றிலும் அவரவருக்கு அந்தந்த எண்தான். பெண்கள் இத்தனை வருடமாகக் கட்டிவருவது அதைத்தான். ஆனால் வாசலில் தொங்கும் பலகையில் "ஆண்டுக்கு 12 சதவீதம், குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது.

செயலாளரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஃபார்முலாவை எடுத்துட்டு நம்பரை அடி" என்றார். "மெஷின் சொல்றது நமக்கு எதுக்கு? புத்தகத்துல என்ன கெடக்கோ அதை அடி. வெரசா முடி, அட்டை குடுக்கணும்."

"ரெண்டும் வேற வேறயா இருக்கேம்மா."

"அதான் சொல்றேன். ஒண்ணாக்கு."

"எதை எதோட ஒண்ணாக்க?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் அடிக்கவில்லை. 3,100 எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ராணி


மணப்பாறை வழி, மடம்
6-10-2024

என் அன்பு ராணிக்கு,

இறைவன் அருள் உன்னோடு இருப்பதாக. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறேன். அதனால்தான் பதில் தாமதம்.

3,100 எப்படி வந்தது என்று படுக்கையில் கிடந்தபடியே புரிந்துவிட்டது. அறுபதாயிரத்துக்குப் பன்னிரண்டு வட்டி வருடத்துக்கு 7,200. இரண்டு வருடத்துக்கு 14,400. அசலோடு சேர்த்தால் 74,400. இருபத்துநாலால் வகுத்தால் 3,100. ஃபார்முலாவே தேவையில்லாத கணக்கு.

இதில் என்ன தப்பு என்று கேட்பாய். கடன் வாங்கிய பெண் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறாள். ஒரு வருடம் போனால் ஏறக்குறையப் பாதிதான் பாக்கி. ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு அறுபதாயிரத்துக்கும் வாங்குகிறார்கள். அவள் கையில் இல்லாத பணத்துக்கு வட்டி. உண்மையில் அது பன்னிரண்டு இல்லை ராணி, இருபத்தொன்றரை. அதிக வட்டி வாங்குகிற இடம் எத்தனையோ இருக்கிறது. இருபத்தொன்றரை என்று சொல்லி வாங்கினால் அது ஒரு விதம். பலகையில் பன்னிரண்டு என்று எழுதிவைத்து வாங்குவது வேறு.

ஆனாலும் அவசரப்படாதே. இதைத் தாளில் எழுதி நிர்வாகக் குழுவுக்குக் கொடு. வெளியே யாரிடமும் பேசாதே. நீ அங்கே சம்பளத்துக்கு இருப்பவள். அருள்தாஸ் ஓட்டுவதும் உங்கள் செயலாளரம்மாவின் தம்பி ஜெயமுருகனுடைய லாரி. மேலே இருப்பவர்கள் யோசிக்க நேரம் கொடு. பணிவோடு சொன்னால் கேட்பார்கள்.

அக்கா,
அமலி


கொடைக்கானல்
10-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காய்ச்சல் தேவலையா? இங்கே பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அப்பா கம்பளியை விட்டு வெளியே வருவதில்லை. அருள்தாஸும் சுகம்தான், உள்ளே தூங்குகிறார், இந்த மத்தியானத்தில் வீடே அமைதியாக இருக்கிறது.

நீ சொன்னபடி குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். பணிவோடுதான் எழுதினேன். இரண்டு கூட்டம் நடந்தது. என் தாளை யாரும் எடுக்கவே இல்லை.

போன மாதக் கடைசியில் வசூலுக்குக் கவுஞ்சி போனோம். பூண்டுக்கு விலை இருந்ததால் பெண்கள் வெள்ளனே வந்து காத்திருந்தார்கள். சின்னத்தாயி என்று ஒரு அம்மா, படிக்கட்டு மாதிரி நாலு துண்டு நிலத்தில் பூண்டு போடுகிறவர், புத்தகத்தை என் முன்னால் வைத்தார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் வந்துருச்சுன்னு சொன்னாங்க. அது எனக்கு எம்புட்டுன்னு சொல்லுது?"

செயலாளரம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் சின்னத்தாயியைப் பார்த்தேன்.

"ரெண்டாயிரத்து எண்ணூத்து இருபத்துநாலு" என்றேன்.

"இந்த நோட்டுல மூவாயிரத்து நூறுல்ல போட்டுருக்கு?"

"ஆமா."

"அப்ப மிச்சம்?"

"பலகையில போட்டிருக்கிற வட்டிப்படி அது உங்க கணக்குல வராதும்மா."

அவர் கத்தவில்லை. மடியில் இருந்த பணத்தை எண்ணி, 2,824 மட்டும் மேசையில் வைத்தார். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் புத்தகத்தைத் திறந்தார்கள். எனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

கேட்டவர்களுக்குத்தான் சொன்னேன் அக்கா. கேட்கிற மனுஷியிடம் பொய் சொல்லச் சொல்லி நீ எழுதவில்லையே.

மற்றபடி இங்கே எழுத ஒன்றுமில்லை.

ராணி


மணப்பாறை வழி, மடம்
25-11-2024

என் அன்பு ராணிக்கு,

எனக்கு உடம்பு சரியாகிவிட்டது. உன்னைப் பற்றித்தான் கவலை.

எழுத ஒன்றுமில்லை என்று முடித்திருக்கிறாய். இதுவரை உன் கடிதங்கள் எல்லாம் சங்கத்தின் பழுப்பு உறையில் வந்தன. இது கடையில் வாங்கின வெள்ளை உறை. அட்டை அச்சடிக்கிற வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஓட்டப் போக வேண்டிய அருள்தாஸ் மத்தியானம் வீட்டில் தூங்குகிறார்.

உன்னை நிறுத்திவிட்டார்களா? அவரையும் சேர்த்தா? எனக்குச் சொல்.

அப்படித்தான் என்றால், ஒன்று கேள். மன்னிப்புக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடு. ஒரு தாளில் போடும் கையெழுத்தால் உண்மை மாறிவிடாது. இங்கே தப்பே செய்யாவிட்டாலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறோம். கீழ்ப்படிதலில் அவமானம் எதுவும் இல்லை. வீட்டையும் அப்பாவையும் நினை.

வரும் ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. அதற்குள் நீ எழுதினாலும் நான் பிறகுதான் பார்ப்பேன். ஆனாலும் எழுது.

அமலி


கொடைக்கானல்
20-1-2025

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை. எல்லாரும் இருக்கிறோம்.

ஆமாம், நிறுத்திவிட்டார்கள். கவுஞ்சியிலிருந்து திரும்பின மறுநாளே. அன்றைக்குச் சாயங்காலமே ஜெயமுருகன் லாரிச் சாவியையும் வாங்கிக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்துச்சீட்டு குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். இலங்கையில் அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் ஆளை விட்டு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டின் பெயர் அது. இத்தனை வருடம் கழித்தும் அவர் வாயில் அதுதான் வருகிறது. கம்பளிக்குள் இருந்து கையை நீட்டி எனக்கும் டீ போடச் சொன்னார்.

நீ சொன்ன மாதிரியே மன்னிப்புக் கடிதமும் கேட்டார்கள். அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். "தட்டச்சுப் பிழையால் உறுப்பினர்களுக்குத் தவறான தொகையைக் கூறிவிட்டேன்." கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலைக்கு வரலாம் என்றார்கள்.

எது தட்டச்சுப் பிழை அக்கா? உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நாம் இரண்டு பேரும் திருத்தினதா?

கையெழுத்து உண்மையை மாற்றாது என்று எழுதியிருக்கிறாய். நான் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளைக் கவுஞ்சிக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சின்னத்தாயியிடம் காட்டுவார்கள். "பாரு, அந்தப் பொண்ணே தப்புன்னு எழுதிக் குடுத்துருச்சு" என்பார்கள். அவர் முந்தானையில் முடிந்துவைத்ததை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் அதற்குத்தான்.

கீழ்ப்படிதல் உன் வார்த்தைப்பாடு. என்னுடையது இல்லை. நீ கோவிலில் எல்லார் முன்னாலும் முட்டிபோட்டு அதைக் கொடுத்தாய், நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம். நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

பெண்கள் இன்னும் சரியான தொகையைத்தான் கொண்டுபோகிறார்கள். சங்கத்தில் வாங்கமாட்டோம், ரசீது தரமாட்டோம் என்கிறார்கள். இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால் எல்லாரையும் கட்டாதவர்கள் என்று எழுதிவிடுவார்கள். அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

அருள்தாஸ் பழனியில் யாத்திரைக்காரர்களின் வேன் ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வருகிறார். நான் பிழைத்துக்கொள்வேன். உன்னிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் இல்லை.

மகாராணி


மணப்பாறை வழி, மடம்
2-2-2025

என் அன்பு ராணிக்கு,

கேட்க எதுவும் இல்லை என்றாலும் சொல்ல எனக்கு இருக்கிறது. முதலில் அவசரமானது.

சங்கத்தில் வாங்காவிட்டால் சங்கத்தின் பேங்க் கணக்கில் நேரே கட்டச் சொல். கணக்கு எண் உறுப்பினர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் கடன் எண்ணையும் சலானில் எழுதட்டும். பேங்க் முத்திரை விழுந்த அடிச்சீட்டுதான் ரசீது. அதற்கு அப்புறம் அவர்களை யாரும் கட்டாதவர்கள் என்று எழுத முடியாது.

இரண்டாவது. அந்தத் தாளை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் தங்கை சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்றுதான் யோசித்தேன். நீ கையெழுத்துப் போடாதது சரி.

மூன்றாவது. சங்கங்களை விசாரிக்கிற அலுவலகம் திண்டுக்கல்லில் இருக்கிறது. பெண்கள் மனு கொடுக்கட்டும். கடன் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் கணக்கை விளக்கி என் பெயரில் எழுதித் தருகிறேன் என்று மதரிடம் கேட்டேன். "அது வெளியுலக வழக்கு, நமக்கு வேண்டாம்" என்றார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போய் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார். எங்கள் ஒழுங்கில் அனுமதி இல்லாமல் செய்யத்தான் கூடாது. கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஜெபவேளைக்கு முன்னால் மூன்றாவது தடவை போய் நின்றேன்.

"நீ விடமாட்டாயா சிஸ்டர்?"

"மாட்டேன் மதர்."

"இந்தப் பிடிவாதத்தை எங்கே படித்தாய்?"

"இப்போதுதான், என் தங்கையிடம்."

அவர் உன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மறுபடியும் படித்தார். "பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாவது கட்டளை. இருபத்தொன்றரையைப் பன்னிரண்டு என்று பலகையில் எழுதுவது அதற்குள் வரும். எழுதி அனுப்பு" என்றார்.

இத்தோடு இருக்கிறது. மூன்று பக்கம். தாராளமாக எல்லாருக்கும் காட்டு.

நான் இங்கே சுகத்துக்கு வந்ததாக நினைக்கிறாய். பதினோரு வருடம் நல்ல வேலையில் இருந்துவிட்டு, வேண்டாம் என்று எல்லாரையும் எதிர்த்துக் கிளம்பி வந்தேன் ராணி. அன்றைக்கு நானும் யாருக்கும் கீழ்ப்படியவில்லை.

மார்ச் ஐந்திலிருந்து தவக்காலம். உயிர்ப்புத் திருவிழா வரை கடிதம் கிடையாது. அதற்கு முன் ஒரு வரி எழுது.

அமலி


கொடைக்கானல்
27-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ எழுதின மூன்று பக்கத்தையும் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் படித்தார். மடித்து உறையில் போட்டு, "எழுத்து மாறவே இல்லை" என்றார்.

இந்த மாதம் கவுஞ்சியிலிருந்து இரண்டு ஜீப் நிறையப் பெண்கள் வந்து பேங்கில் வரிசையில் நின்றார்கள். சலான் தீர்ந்துபோய் மானேஜர் உள்ளே போய்க் கட்டுக்கட்டாக எடுத்துவந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். சின்னத்தாயி முத்திரை சரியாக விழவில்லை என்று திருப்பிக் கொடுத்து மறுபடியும் குத்த வைத்தார். மனுவையும் உன் தாளையும் திண்டுக்கல்லுக்கு அனுப்பியாகிவிட்டது.

நேற்று செயலாளரம்மா என் வீட்டுக்கு வந்தார். தனியாக, நடந்து. நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"இருவது வருசம் இந்தச் சங்கத்துக்கு நாயா ஓடியிருக்கேன். அந்த வட்டிக் காசுலதான் கட்டடம் நிக்குது. வெலை இல்லாம கோஸை ரோட்டுல கொட்டுன வருசம் கட்ட முடியாத முப்பது பேர் கடனை அதுலதான் சரிக்கட்டுனேன். ஒத்த ரூவா நான் தின்னது கெடையாது. நீ என்னைத் திருடின்னு ஊருக்குக் காட்டிட்ட."

"தின்னீங்கன்னு நான் ஒரு இடத்துலயும் சொல்லலம்மா. சொல்லாம எடுத்தீங்கன்னு சொன்னேன்."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பாளுகளா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாக இருந்தது அக்கா. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். ஆனாலும் நான் ஒரு வார்த்தைகூடத் திரும்ப வாங்கவில்லை. டீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் கடைசியில் பொதுக்குழு. விசாரணைக்கு ஆள் வருகிறார். உன் தவக்காலத்தில் எங்களையும் நினைத்துக்கொள்.

ராணி


கொடைக்கானல்
3-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள், தாமதமாக. அப்பா வெயில் வந்ததும் கம்பளியை விட்டு வெளியே வந்துவிட்டார். அருள்தாஸ் பழனி வேனிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஜெயமுருகன் திரும்பக் கூப்பிட்டும் போகவில்லை.

பொதுக்குழு கவுஞ்சியில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. இடம் போதாமல் பெண்கள் மதிலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து வந்த அலுவலர் உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

"எங்க அக்கா. அடைப்பு மடத்துல சிஸ்டரா இருக்கு."

"மடத்துல கடன் கணக்கா?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு ஒரு வரி விடாமல் மைக்கில் வாசித்தார். 3,100 எப்படி வந்தது என்ற இடத்தில் மதிலில் இருந்தவர்கள் இறங்கிக் கிட்ட வந்தார்கள். கணக்கு சரிதான், பலகையில் எழுதியதைத்தான் வாங்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

செயலாளரம்மாவை இறக்க வேண்டும் என்று சிலர் எழுந்தார்கள். சின்னத்தாயிதான் நடுவில் வந்து நின்றார்.

"இவளை எறக்கிட்டா அந்த நாற்காலியில எந்த வட்டிக்காரன் வீட்டு ஆளு வந்து உக்காரும்னு எனக்குத் தெரியும். இவளே இருக்கட்டும். ஆனா வட்டி பலகையில போட்டதுதான். கூட வாங்குனதை மிச்சத் தவணையில கழிக்கணும். கட்டடத்துக்குக் காசு வேணும்னா எங்ககிட்ட கேளு, சந்தா போடுறோம். வட்டிக்குள்ள ஒளிச்சு எடுக்குற சோலி இனி வேண்டாம்."

கை தூக்கச் சொன்னார்கள். தூக்காத கையை எண்ணுவது சுலபமாக இருந்தது. தீர்மானத்தைச் செயலாளரம்மாவே வாசித்தார்.

என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. மைதானம் காலியானதும் செயலாளரம்மாவே என் கிட்ட வந்தார்.

"வேலைக்கு வா. ஆனா ஒண்ணு எழுதிக் குடு. என்னைக் கேக்காம ஆபீஸ் கணக்கை வெளிய சொல்ல மாட்டேன்னு."

"கேட்டவங்களுக்குச் சொல்லுவேன். கேக்காட்டியும் அவங்கவங்க கணக்கை அவங்கவங்களுக்குச் சொல்லுவேன். அப்படி வேணும்னா எழுதித் தரேன்."

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா, வேலை போனது போனதுதான் என்று அப்பா சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. கணக்கு சரி என்று ஊரே கை தூக்கியபின் நான் எதற்கு வீட்டில் இருக்க வேண்டும்? திங்கட்கிழமை சேலை மாற்றிக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்னாலேயே சங்கத்து வாசலில் போய் நின்றேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

செயலாளரம்மா சாவியோடு வந்தார். என்னைப் பார்த்தார். எழுதிக் கொண்டுவந்தாயா என்று கையைப் பார்த்தார். வெறும் கை. பூட்டைத் திறந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

நானும் போனேன். கம்ப்யூட்டர் மேல் துணி மூடியிருந்தது. எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெறும் எண் அடித்திருந்த கட்டங்களை எல்லாம் அழித்தேன். மேலே ஒரு வரிசையில் ஃபார்முலாவைச் சரிபார்த்துவிட்டு, கடைசிவரைக்கும் இழுத்து இறக்கினேன். ஒரே அளவு கடனுக்கெல்லாம் ஒரே தவணை வந்தது. கூட வாங்கியதைக் கழிக்க வேண்டாத ஒரு புதுக் கடனின் அட்டையை முதலில் அச்சடித்து அவர் மேசையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாகத் திரையையும் பார்த்தார்.

"இதுல ரெண்டாயிரத்து எண்ணூத்து இருபத்துநாலு ரூவா நாப்பத்தோரு பைசான்னு காட்டுது. அட்டையில பைசாவைக் காணோம்?"

"மாசாமாசம் சில்லறைக்கு எங்க போவாங்க? கடைசித் தவணையில பத்து ரூவா கூட வரும். அடியில எழுதியிருக்கேன் பாருங்க."

அட்டையைத் திருப்பி அந்த வரியைத் தேடிப் படித்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா எழுது," என்றார். "அவளுக கண்ணுக்குத் தெரியணும்."

பெரிதாக்கி மறுபடியும் அச்சடித்தேன். எழுதித் தருவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

இன்னும் அட்டைகள் நிறைய இருக்கின்றன. மதருக்கு என் வணக்கம் சொல்.

உன் தங்கை,
மகாராணி